கட்டி எங்கே இருக்கிறதென்று மருந்துக்குத் தெரியுமா?

பெரியம்மாவுக்கு முதல் கீமோ ஏற்றிய அன்று நான் கூட இருந்தேன். மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் அதைச் சுருக்க வேண்டும் என்று டாக்டர் 21 நாளுக்கு ஒன்றாக எட்டு சைக்கிள், அதாவது எட்டுத் தவணை, எழுதியிருந்தார். முதல் நான்குக்கு இரண்டு மருந்துகள் சேர்ந்து, அடுத்த நான்குக்கு வேறொரு மருந்து. சிஸ்டர் புறங்கையில் நரம்பைத் தேடிப் பிடித்து, சலைன் ஓடவிட்டு, வாந்தி வராமல் இருக்க ஓர் ஊசி போட்டுவிட்டு, ஒரு பெரிய சிரிஞ்சை எடுத்து வந்தார். உள்ளே குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்த மாதிரி ஒரு சிவப்பு. டாக்ஸோரூபிசின். "இன்னைக்கு யூரின் சிவப்பாப் போகும், பயந்துடாதீங்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஓடுகிற சலைனோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செலுத்தினார்.

பெரியம்மா அந்தச் சிவப்பு, குழாய் வழியே இறங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, மருந்தைக் கையில ஏத்துறீங்க. கட்டி எங்கயோ இருக்கு. அங்க போகணும்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

சிஸ்டர் சிரித்துவிட்டு, "ரத்தத்துல எல்லா இடத்துக்கும் போகும்மா, அங்கயும் போகும்" என்றார். சரியான பதில்தான். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. கட்டி எங்கே இருக்கிறதென்று அந்த மருந்துக்குத் தெரியாது. கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. தெரியாமலேயே அது எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால், முடி ஏன் கொட்டுகிறது, 21 நாள் கணக்கு எதற்கு, கட்டி மறைந்த பிறகும் ஏன் ஊசி போடுகிறார்கள் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போய், புற்றுநோய் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து வரவேண்டும்.

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. எல்லாம் கருவில் இருந்த ஒரே ஒரு செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பிரிந்து வந்தவை. பிறந்து வளர்ந்த பிறகும் இந்தப் பிரிதல் நிற்பதில்லை. குடலின் உள்பக்கச் சுவரை நான்கைந்து நாளைக்கு ஒருமுறை உடம்பு புதிதாகக் கட்டுகிறது. எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் கோடிக்கணக்கில் புதிய செல்கள் வந்து சேர்ந்திருக்கும்.

ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால், முதலில் தன்னிடம் இருக்கும் டிஎன்ஏ முழுவதையும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். அந்தச் செல் என்ன செய்ய வேண்டும், எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சாக வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்கும் ஏடு அது. நான்கே எழுத்துகளால் ஆனது. அம்மாவழி ஒன்று, அப்பாவழி ஒன்று என்று இரண்டு தொகுதி. இரண்டும் சேர்த்து சுமார் 600 கோடி எழுத்துகள். ஒவ்வொரு முறை பிரியும்போதும் அத்தனையையும் பார்த்து எழுத வேண்டும்.

பார்த்து எழுதினால் என்ன நடக்கும் என்று தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஓலைச்சுவடிகளை நூற்றாண்டுக் கணக்கில் பெயர்த்தெழுதியே காப்பாற்றியவர்கள் நாம். சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ஒருவர் தவறாகப் படித்து எழுதினால், அவர் ஏட்டைப் பார்த்து எழுதுகிறவர் அந்தத் தவற்றையும் சேர்த்தே எழுதுவார். பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் போடும் பாடபேதமெல்லாம் அப்படி வந்ததுதான். பெரும்பாலான பிழைகளால் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. எங்கோ ஓர் இடத்தில் மட்டும் ஒரே எழுத்து மாறிப் பொருளே தலைகீழாகிவிடும்.

செல்லிலும் இதே கதைதான். செல் நல்ல எழுத்தர். எழுதும்போதே சரிபார்க்கும், எழுதி முடித்த பிறகு இன்னொரு முறை ஒப்பிட்டுத் திருத்தும். அதையும் மீறிச் சில பிழைகள் தங்கிவிடும். அதோடு வெளியிலிருந்து வரும் சேதமும் இருக்கிறது. புகையிலையில் உள்ள நச்சுகள் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு எழுத்தைக் கெடுக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு எல்லாம் அதே வேலையைச் செய்யும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் இன்னும் தந்திரமானது. அது செல்லுக்குள் புகுந்து காவலாளிகளின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

காவலாளிகள் என்றேனே, அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிவதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை இரண்டு கூட்டமாகப் பார்க்கலாம். ஒரு கூட்டம் ஆக்ஸிலேட்டர்: 'பிரி, பிரி' என்று சொல்லும். காயம் ஆறுவதற்கும் குழந்தை வளர்வதற்கும் இது வேண்டும். இன்னொரு கூட்டம் பிரேக். ஆக்ஸிலேட்டர் மரபணு ஒன்றில் எழுத்துப் பிழை விழுந்து, அழுத்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டால் ஆபத்து. ஆனாலும் பிரேக் இருக்கிறதே, வண்டி நின்றுவிடும். பிரேக்கும் போனால்தான் வினை. அதுவும் பெரும்பாலும் அம்மாவழிப் பிரதி, அப்பாவழிப் பிரதி இரண்டுமே கெட்டால்தான் பிரேக் முழுதாகப் போகும்.

பிரேக்குகளில் பெயர்பெற்றது பி53 என்ற மரபணு. டிஎன்ஏவில் சேதம் இருக்கிறதா என்று கவனித்து, இருந்தால் பிரிவதை நிறுத்தி, பழுது பார்க்கச் சொல்லும். பழுது பார்க்கவே முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால், 'நீ செத்துவிடு' என்று அந்தச் செல்லுக்கே உத்தரவு போடும். செல்லும் சத்தமில்லாமல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு செத்துவிடும். புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ஒரு மரபணு கெட்டுப்போயிருக்கிறது. நம்மிடம் இதில் ஒரே ஒரு ஜோடிதான். யானைக்கு 20 ஜோடி. அவ்வளவு பெரிய உடம்பு, அத்தனை செல்கள், நீண்ட ஆயுள் எல்லாம் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அபூர்வமாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆக, ஒரு பிழையால் புற்றுநோய் வருவதில்லை. ஒரே செல்லின் வம்சத்தில் பல பிழைகள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். முதல் பிழை விழுந்த செல் பக்கத்துச் செல்லைவிடக் கொஞ்சம் வேகமாகப் பெருகும். அதன் பிள்ளைகளில் ஒன்றுக்கு இரண்டாவது பிழை. அதன் பேரப்பிள்ளைகளில் ஒன்றுக்கு மூன்றாவது. இதற்குப் பல வருடங்கள் ஆகும். வயதானவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருவதன் முக்கியக் காரணம் இந்தக் காத்திருப்புதான். புகையிலை போடுகிறவர்களின் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வருமே, பார்த்திருப்பீர்கள். அது பாதி வழியில் நிற்கிற ஓர் ஊர்வலம். எல்லாத் திட்டும் புற்றாவதில்லை. ஆனால் பிழைகள் சேர ஆரம்பித்துவிட்டன என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் ஒரு டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டினால் எவ்வளவோ தப்பிக்கலாம்.

"நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்" என்று பெரியம்மா இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டார். அவர் புகையிலையைத் தொட்டதில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததும் இல்லை. மார்பகப் புற்றில் பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக் கோளாறால் வருகிறது. மற்றவை வாழ்நாளில் சேர்ந்தவை. அதில் வாழ்க்கை முறைக்கும் ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு, வெறும் அதிர்ஷ்டக் கேட்டுக்கும் நல்ல பங்கு உண்டு. 600 கோடி எழுத்தை எழுதும் எழுத்தருக்கு ஓர் இடத்தில் கண் அசந்துவிட்டது. இதில் பாவம் எங்கிருந்து வந்தது? இதை டாக்டர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கெட்டுப்போன அந்த ஒரு செல் எப்போது கையில் தட்டுப்படும் கட்டியாகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி என்று 30 முறை இரட்டித்தால் 100 கோடி வந்துவிடும். ஒரு முறை இரட்டிக்க மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் ஏழரை வருடம். அதாவது, போன வாரம் குளிக்கும்போது கையில் பட்ட கட்டி போன வாரம் வந்ததல்ல. அதன் ஆயுளில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலேயே கழிந்துவிட்டது. இதே வேகத்தில் இன்னும் பத்தே முறை இரட்டித்தால் அது ஒரு கிலோ. ஆரம்பத்தில் கண்டுபிடியுங்கள் என்று டாக்டர்கள் நச்சரிப்பது இதனால்தான். நாம் 'ஆரம்பம்' என்று சொல்வதே முக்கால் தூரம் தாண்டிய இடம். தமிழில் இதற்குப் புற்று என்று பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ தெரியாது, ஆனால் கறையான் புற்று மேலே தலைகாட்டும்போது மண்ணுக்குக் கீழே வேலை எவ்வளவோ நடந்து முடிந்திருக்கும்.

இடையில் கட்டி இன்னும் சில வித்தைகளைக் கற்றுக்கொள்கிறது. ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமென்றால் அதற்குச் சோறு தண்ணீர் வேண்டும். அதனால் பக்கத்து ரத்தக் குழாய்களுக்குச் சைகை அனுப்பித் தனக்கென்று கிளை இழுத்துக்கொள்ளும். ரோந்து வரும் வெள்ளையணுக்களிடமிருந்து முகத்தை மறைத்துக்கொள்ளும். கடைசியில் சில செல்கள் தாய்க்கட்டியை விட்டுப் பிய்த்துக்கொண்டு, ரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து, எலும்பிலோ நுரையீரலிலோ ஈரலிலோ போய்க் குடியேறும். புற்றால் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது முதல் கட்டி அல்ல, இந்தக் குடியேற்றம்தான். கத்தி வைத்து ஒரு கட்டியை எடுக்கலாம். 'கரண்ட் வைக்கிறது' என்று நம் ஊரில் சொல்கிற கதிர்வீச்சால் ஓர் இடத்தைப் பொசுக்கலாம். எங்கெங்கே போயிருக்கிறதென்றே தெரியாத செல்களை என்ன செய்வது? ரத்தம் போகிற இடமெல்லாம் போகிற ஒரு மருந்துதான் வேண்டும்.

இங்கேதான் பெரியம்மாவின் கேள்வி திரும்ப வருகிறது. மருந்துக்கு வழி தெரியாததே அதன் பலம்.

அந்த மருந்து வந்த வழி கொஞ்சம் கோணலானது. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் என்ற விஷப் பொருளை ஆயுதமாகப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அதன் உறவுக்காரப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கில்மன், குட்மன் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். அது ரத்தத்தின் வெள்ளையணுக்களையும் நிணநீர்க் கட்டிகளையும் கரைப்பதைக் கண்டார்கள். 1942-இல் நிணநீர்ப் புற்று முற்றிய ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார்கள். கட்டிகள் மளமளவென்று சுருங்கின. பிறகு திரும்ப வந்துவிட்டன. போர் ரகசியம் என்பதால் 1946 வரை வெளியே சொல்லவில்லை. இதற்கு நடுவே, 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற ஓர் அமெரிக்கக் கப்பலில் மஸ்டர்ட் குண்டுகள் இருந்தன. நனைந்து கரையேறியவர்களைப் பரிசோதித்தபோது வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. அதே கதை.

ஏன் வெள்ளையணுக்கள்? இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களிலிருந்து வருகிறவை அவை. மஸ்டர்ட் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் குறுக்கே தைத்து ஒட்டிவிடுகிறது. சும்மா இருக்கும் செல்லுக்கு அது உடனே பெரிய தொந்தரவில்லை. பிரதி எடுக்க ஏட்டை விரிக்கும் செல்தான் மாட்டிக்கொள்ளும், பக்கங்கள் ஒட்டிப்போயிருக்கும். பெரியம்மாவுக்குச் சிவப்பு மருந்தோடு கொடுத்த இன்னொரு மருந்தின் பெயர் சைக்ளோபாஸ்பமைடு. அது இந்த நைட்ரஜன் மஸ்டர்டின் நேரடி வாரிசு. சிவப்பு மருந்து வேறு குடும்பம். அதே பாரி இருக்கும் இத்தாலியப் பகுதியில், காஸ்டெல் டெல் மோந்தே என்ற பழைய கோட்டை அருகே எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரின் வழியாக வந்தது. ஏட்டின் எழுத்துகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொண்டு, முறுக்கைப் பிரிக்க விடாமல் செய்யும். அந்தக் கடலோரத்தின் ஏட்ரியாடிக் கடலை வைத்துத்தான் அதற்கு ஏட்ரியமைசின் என்றும் ஒரு பெயர். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ ரெண்டு கதையும் ஒரே ஊரா?" என்றார்.

மற்ற மருந்துகளும் இதே வேலையை வெவ்வேறு இடத்தில் கெடுக்கின்றன. சில, பிரதி எடுக்கத் தேவையான எழுத்துகளே தயாராகாமல் செய்யும். சில, பிரதி எடுத்து முடித்த பிறகு இரண்டு பங்காக இழுத்துப் பிரிக்கும் கயிறுகளைக் குலைக்கும். பெரியம்மாவுக்குக் கடைசி நான்கு சைக்கிளில் கொடுத்த பாக்ளிடாக்சல் அந்தக் கயிறுகளை விறைக்க வைத்துவிடும். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், கயிறு திரிக்கவே விடாது.

நித்தியகல்யாணிக்கு இன்னும் இரண்டு வரி கொடுக்க ஆசை. மடகாஸ்கர் பூர்விகம், சுடுகாட்டுப் பூ என்றுகூடச் சொல்வார்கள், ஆடும் தொடாது. தென் மாவட்டங்களின் வானம் பார்த்த கரிசலில் இதை மருந்துக்காகவே பயிர் செய்கிறார்கள். 1950-களில் கனடாவில் இதைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்றுதான் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில் மருந்து வரும். வீட்டில் இலையை அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். அளவு தெரியாத விஷம் அது, நரம்பைப் பாதிக்கும்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி. பிரிகிற செல்லையெல்லாம் அடிக்கிறதென்றால், புற்று செல் மட்டும் எப்படி அதிகமாகச் சாகிறது? அது ஓயாமல் பிரிகிறது என்பது ஒன்று. இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. மருந்து பெரும்பாலும் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை, சேதப்படுத்துகிறது. நல்ல செல் சேதத்தைப் பார்த்ததும் வேலையை நிறுத்தி, பழுது பார்த்துவிட்டுத் தொடரும். புற்று செல்லுக்கு அந்தப் பொறுமையும் இல்லை, பழுது பார்க்கும் கருவிகளும் பாதி உடைந்து கிடக்கின்றன. கெட்ட ஏட்டோடு ஓடிப் போய்ப் பிரியப் பார்க்கும், நடுவில் சிதறிப் போகும். எந்தக் கோளாறு அதைப் புற்றாக்கியதோ, அதே கோளாறு அதை மருந்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. இன்னும் சில செல்களில், தற்கொலை உத்தரவு போடும் ஏற்பாடு அரைகுறையாக உயிரோடு இருக்கும். மருந்து செய்த சேதம் அதைத் தட்டி எழுப்பிவிடும்.

முடிக்கும் இதே நியாயம்தான். தலையில் இருக்கும் முடிகளில் பத்தில் எட்டு ஒன்பது, எப்போதும் வளரும் நிலையிலேயே இருக்கின்றன. முடியின் வேரில் செல்கள் விறுவிறுவென்று பிரிகின்றன. மருந்துக்கு அந்த வேரும் கட்டியும் ஒன்று. முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பித்துவிடும். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு இரண்டும் வாய், குடல் சுவர்களின் செல்கள் அடிபடுவதால் வருகின்றன. குமட்டல் மட்டும் வேறு வகை. அது மூளையில் இருக்கும் ஒரு விஷ எச்சரிக்கை மணி அடிப்பதாலும், குடல் அனுப்பும் சைகையாலும் வருவது. 1990-களில் ஆன்டன்செட்ரான் போன்ற மருந்துகள் வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய சினிமாக்களில் பார்த்த கீமோவை மனதில் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஜ்ஜையில் விழும் அடிதான் முக்கியமானது. வெள்ளையணுக்களில் கிருமிகளோடு சண்டை போடும் நியூட்ரோஃபில்கள் குறைந்த ஆயுள் கொண்டவை, தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். மருந்து ஏறிய பின் உற்பத்தி நிற்கும், ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் அவற்றின் எண்ணிக்கை, ஆஸ்பத்திரி மொழியில் கவுண்ட், தரையைத் தொடும். பிறகு, மஜ்ஜையின் ஆழத்தில் பிரியாமல் தூங்கிக்கொண்டிருந்த, அதனாலேயே தப்பித்த மூலச் செல்கள் எழுந்து வேலையைத் தொடங்கும். மூன்றாவது வாரக் கடைசியில் கவுண்ட் மேலே வந்துவிடும். 21 நாள் கணக்கு இதுதான். நல்ல செல்கள் எழுந்து நிற்க நேரம் கொடுக்க வேண்டும், புற்று செல்கள் எழுந்து நிற்க நேரம் கொடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன இடைவெளியில்தான் கீமோ நடக்கிறது. எங்களுக்கு மூன்றாவது சைக்கிள் அன்று காலையில் கவுண்ட் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெரியம்மாவுக்குப் பரீட்சையில் தோற்ற மாதிரி ஆகிவிட்டது. தோல்வி ஒன்றும் இல்லை, மஜ்ஜை இன்னும் கொஞ்சம் நாள் கேட்டது, அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு கீமோவுக்கு மறுநாளும் கவுண்ட் ஏற ஓர் ஊசி போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். கீமோ எடுக்கிறவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருமியோடு சண்டை போட ஆள் இல்லாத நேரத்தில் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறலாம்.

கீமோ உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கூட்டி, அதைக் கொண்டு புற்றை எதிர்க்க வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இப்போது புரிந்திருக்கும், அது எதிர்ப்பு சக்தியைக் கொஞ்ச காலத்துக்குக் குறைக்கிறது. உடம்பின் பங்கு வேறு விதம். அடிபட்ட நல்ல செல்களைப் பழுது பார்ப்பது, செத்த புற்று செல்களை அள்ளிக் கழிப்பது, ஒவ்வொரு மூன்று வாரமும் மஜ்ஜையைத் திரும்ப நிரப்புவது, முட்டையும் பருப்பும் சாப்பிட்டு அதற்குச் சத்து சேர்ப்பது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு இலைச்சாறு சொன்னார்கள். அன்பில் சொன்னதுதான். ஆனால் சில சாறுகள் ஈரலில் போய் மருந்தின் அளவையே மாற்றிவிடும். டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

ஏன் எட்டு முறை? பெரியம்மா விவசாயக் குடும்பம். இதற்கு அவரே பதில் வைத்திருந்தார்: "கோரையை ஒரே உழவுல அழிச்சவன் யாரு?" அவர் சொன்னதை 1960-களில் அமெரிக்காவில் ஹோவர்டு ஸ்கிப்பர் என்பவர் எலிகளை வைத்து எண்ணிக் காட்டினார். ஒரு டோஸ் இத்தனை செல்லைக் கொல்லும் என்பதில்லை, இருக்கும் செல்களில் இத்தனை பங்கைக் கொல்லும். நூற்றுக்கு 99 சாகும் என்று வைப்போம். 100 கோடி இருந்தால் ஒரு கோடி மிஞ்சும். அடுத்ததில் ஒரு லட்சம். பிறகு ஆயிரம். பிறகு பத்து. கட்டி ஒரு லட்சம் செல்லாகக் குறையும்போதே எந்த ஸ்கேனிலும் தெரியாது, கையிலும் படாது. 'போயிடுச்சே, பின்னே எதுக்கு ஊசி' என்று அங்கே நிறுத்தினால், அந்த ஒரு லட்சம் இரட்டிக்க ஆரம்பிக்கும்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் மின் சியு லி. 1956-இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நஞ்சுக்கொடியில் வரும் ஒரு புற்றுக்கு மெதோட்ரெக்சேட் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. ரத்தத்தில் ஒரு ஹார்மோன் மட்டும் துளி மிஞ்சியிருந்தது. அது பூஜ்யமாகும் வரை நிறுத்த மாட்டேன் என்று கொடுத்துக்கொண்டே இருந்தார். நோயாளிகளைத் தேவையில்லாமல் வதைக்கிறார் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு பார்த்தால், அவர் சொன்னபடி முழுதாக எடுத்தவர்களுக்கு நோய் திரும்பவில்லை. மருந்தால் மட்டுமே குணமான முதல் திடக்கட்டி அதுதான்.

மெதோட்ரெக்சேட்டுக்குச் சென்னையோடு ஒரு சொந்தம் உண்டு. அதற்கு முன்னோடியான அமினோப்டரின், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு செய்தது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு போய்ப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தவர். செல் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். அச்சு அசல் அதைப் போலவே இருக்கும் போலியைக் கொடுத்தால், செல் அதை வாங்கிக்கொண்டு ஏமாந்து நிற்கும். அமினோப்டரின் அப்படி ஒரு போலி. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அதை ரத்தப் புற்று முற்றிய 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேர் தேறியதாக 1948 ஜூனில் எழுதினார். சில மாதங்களில் நோய் எல்லோருக்கும் திரும்பிவிட்டது. சுப்பாராவும் அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோனார்.

ஏன் திரும்பியது? கோடிக்கணக்கான செல்களில் ஏதோ சிலவற்றில், அந்த ஒரு மருந்திலிருந்து தப்பிக்கும் பிழை ஏற்கனவே இருக்கும். மற்றவை செத்ததும் மைதானம் அவற்றுக்கு. 1960-களின் தொடக்கத்தில் ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மெதோட்ரெக்சேட்டும் நித்தியகல்யாணியும் அதில் இருந்தன. ஒன்றில் தப்பும் செல் மற்றதில் மாட்டும். நான்கிலும் தப்புகிற செல் கிடைப்பது கஷ்டம். இன்று வசதியான நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்று வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும்.

எல்லாப் புற்றிலும் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. சில இடங்களில் கீமோ குணப்படுத்தும், சில இடங்களில் வாழ்நாளை நீட்டும், சில இடங்களில் வலியைக் குறைப்பதோடு நிற்கும். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டரிடம் நேராகக் கேட்கலாம். நம் வீடுகளில் அந்தக் கேள்வியை நோயாளிக்குத் தெரியாமல் வராந்தாவில் வைத்துத்தான் கேட்கிறோம்.

வழி தெரிந்த மருந்துகளும் இப்போது வந்திருக்கின்றன. ஒரு வகை ரத்தப் புற்றுக்கு 2001-இல் வந்த இமாட்டினிப், அந்தச் செல்லில் மட்டும் இருக்கும் ஒரு கோளாறான புரதத்தைத் தேடிப் பிடித்து அடைக்கிறது. மார்பகப் புற்றுக்கு 1998-இல் வந்த ட்ராஸ்டுசுமாப், ஹெர்2 என்ற புரதத்தைக் கொடி மாதிரி ஏராளமாக நட்டு வைத்திருக்கும் செல்லில் போய் ஒட்டுகிறது. மார்பகப் புற்றில் ஐந்தில் ஒன்றில்தான் அந்தக் கொடி இருக்கும். பெரியம்மாவின் ரிப்போர்ட்டில் அந்த வரியில் 'நெகட்டிவ்' என்று போட்டிருந்தது. அதனால் அவருக்கு வழி தெரியாத மருந்துதான்.

மூன்றாவது சைக்கிளுக்கு முன்னால் டாக்டர் டேப் வைத்து அளந்தார். நான்கு சென்டிமீட்டர் இருந்தது இரண்டரை ஆகியிருந்தது. அந்த வாரம்தான் தலையில் கடைசியாக ஒட்டியிருந்த முடியும் போனது. பெரியம்மா துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், கையை மார்பில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் ஒரே ஆளுதான் பண்ணுதுன்னு சொல்ற" என்றார். ஆமாம் என்றேன். "சரி, முடியை எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்தைக் கழுவப் போய்விட்டார்.